காய்ந்த துண்டு

அத்தியாயம் 6

காளிதாசுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அவன் கல்யாணத்தன்றுகூடக் கிடைக்கவில்லை.

மணி பதினொன்றரை. உள்ளே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ராட்டினத்துக்காரர் அவனைக் கைத்தாங்கலாக ஏற்றி, கைத்தாங்கலாக இறக்கி, "தல சுத்துதாண்ணே? செத்த நெழல்ல உக்காந்து போங்க" என்று அட்டையால் விசிறியும் விட்டார். பஞ்சுமிட்டாய்க்காரர் ஒன்று கேட்டதற்கு இரண்டு கொடுத்து, "மொதல்ல குடுத்தது சின்னதாப் போச்சு, அதான்" என்றார். அந்தச் சின்னது காளிதாசின் தலையைவிடப் பெரிதாக இருந்தது. கழிப்பறை வாசலில் நின்ற பெண் "வாங்க, வாங்க" என்று முகம் மலர வரவேற்றபோதுதான் அவனுக்கு லேசாகப் பயம் வந்தது. கழிப்பறைக்கு யாரும் இதுவரை அவனை வரவேற்றதில்லை.

போதாக்குறைக்கு அந்த ஆவுளியா. ஆவுளியா என்றால் கடல்பசு. மண்டபம் பக்கத்துக் கடலில் அடியில் புல் மேய்ந்துகொண்டு தன் பாட்டுக்குத் திரியும் சாதுப் பிராணி. அதன் பெயரில்தான் உச்சிப்புளி தாண்டி, ரோட்டோரத்தில் இந்த 'ஆவுளியா வேர்ல்ட்' என்ற பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. வாசலில் ஓர் ஆள் சாம்பல் நிற ஆவுளியா உடையை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கைகொடுப்பார். காளிதாசுக்கு அவர் கைகொடுக்கவில்லை. இரண்டு முறை கட்டியே பிடித்துவிட்டார். "நல்லா இருக்கியளாண்ணே?" என்று துணிக்குள்ளிருந்து வேர்வை வாசத்தோடு ஒரு குரல் வேறு.

காளிதாஸ் ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும் பக்தன் வேடத்தில் இருந்தான். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், தோளில் ஒரு ரெக்சின் பை. வேடப்பொறுப்பு முழுக்க அவனே எடுத்துக்கொண்டது. பையை வாசலில் இருந்த லாக்கர் அறையில் கொடுத்துவிட்டு, கடமைக்கு எல்லா ராட்டினத்திலும் ஏறி இறங்கி, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனைமர நிழலில் இருந்த பெஞ்சுக்கு வந்து சேர்ந்தான்.

பெஞ்சில் முக்காடும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அவர்தான் துப்பறியும் மெஹருன்னிசா, காளிதாஸ் அவருக்கு உதவியாளன். ராமநாதபுரம் அரண்மனை வாசலில், பரோட்டாக் கடை மாடியில் அலுவலகம். அதற்கு முன் பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க்காயம், பொய்த்தீ, பொய்ச்சாவு எல்லாவற்றையும் பார்த்துப் பழுத்தவர்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டாய்ங்க" என்றான் காளிதாஸ். "அப்பட்டமா கண்டுபிடிச்சிட்டாய்ங்க. ரகசிய விருந்தாளி நான்தான்னு பூராப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கெடச்ச கவனிப்ப நீங்க பாக்கணும். கலெக்டர் வந்தாக்கூட இம்புட்டு இருக்காது."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒனக்கு எத்தன பஞ்சுமிட்டாய்?"

"ரெண்டு."

"அங்கன பாரு, அந்தத் தூத்துக்குடிக் குடும்பத்துக்கு ஏழு. எனக்கு சுண்டல் ரெண்டாந்தடவ ஓசி. அந்த ஆவுளியா இதுவரைக்கும் நாப்பத்திமூணு பேரக் கட்டிப்பிடிச்சிருச்சு. நான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

காளிதாசின் முகம் விழுந்துவிட்டது. ஒரு மணி நேரம் ராஜாவாக இருந்துவிட்டுச் சட்டென்று கூட்டத்தில் ஒருவனாவது யாருக்கும் கஷ்டம்தான்.

"அப்ப நான் ஸ்பெஷல் இல்லையா?"

"இல்ல காளி. அதுதான் இதுல ருசியான சங்கதி. விருந்தாளி உள்ள வந்துட்டான்னு இவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா ஆள் யாருன்னு தெரியல. அதான் கண்ணுல பட்டவுகளுக்கெல்லாம் கவனிப்பு."

விஷயம் இதுதான். முதல் நாள் மதியம் பூங்காவின் முதலாளி இஃப்திகார் மெஹருன்னிசாவின் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கீழக்கரைக்காரர். முப்பது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, கடலைப் பார்த்த மாதிரி ஏதாவது செய்யவேண்டும் என்று இந்தப் பூங்காவைக் கட்டியவர். அவரிடம் மேலாளராக வேல்ராஜ் என்று ஒருவர். எம்.பி.ஏ., டை கட்டுவார். ஊழியர்களை உற்சாகப்படுத்துகிறேன் என்று மே மாதம் 'புன்னகைப் புரட்சி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் ஆள் 'ரகசிய விருந்தாளி'யாக, சாதாரணப் பார்வையாளர் மாதிரி வந்து, ஒவ்வோர் ஊழியரும் சிரித்தாரா, வணக்கம் சொன்னாரா என்று மார்க் போட்டுவிட்டுப் போவார். அவர் வருகிற தேதி முதலாளிக்கும் மேலாளருக்கும் மட்டும்தான் தெரியும். மின்னஞ்சலை எடுத்துக் கொடுக்கிற அலுவலக உதவியாளர் பானுப்பிரியாவுக்கும் தெரியும்.

முதல் மாதம் மார்க் அறுபத்தொன்று. அடுத்த மூன்று மாதம் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. வேல்ராஜ் பூரித்துப்போனார். ஆனால் இடையில் ஒரு சாதாரண நாளில் இஃப்திகாரின் தங்கை குடும்பம் வந்தபோது ராட்டினத்துக்காரர் அவர்கள் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டிருக்கிறார். இது முதலாளி காதுக்கு வந்தது. தேதி கசிகிறது என்று வேல்ராஜ் முடிவுகட்டி, கசியவிட்டது பானுப்பிரியாதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்கு அவளை வேலையை விட்டு அனுப்புவதாக ஏற்பாடு. இஃப்திகாருக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் பரோட்டாக் கடை மாடியேறினார்.

மெஹருன்னிசா ஒரு சின்னக் கண்ணி வைத்தார். மறுநாள் சென்னை ஆள் வருகிற நாளில்லை; அவருக்குப் பதில் காளிதாஸ் போவான். முதலாளி தவிர யாருக்கும் தெரியாது. பானுப்பிரியாவுக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப அந்தப் பொண்ணு குத்தமில்லைன்னு ஆயிருச்சுல்ல" என்றான் காளிதாஸ்.

"நமக்கு ஆயிருச்சு. அந்த டைக்காரர் விடமாட்டாரு. மொதலாளி போன் பேசினத ஒட்டுக் கேட்டிருப்பான்னு சொல்லுவாரு. யாரு, எப்படின்னு பேரோட சொன்னாத்தான் அவ பொழைப்பா. வா, ஆபீசப் பாத்துட்டு வருவோம்."

*

அலுவலகம் மாடியில் இருந்தது. மெஹருன்னிசா இஃப்திகாரின் ஊர்க்காரப் பெண், பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார் என்பதாக ஏற்பாடு. வேல்ராஜ் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். குரல் நிஜமாகவே நன்றாக இருந்தது, கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர் குரல். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"ஊழியர்களை மோட்டிவேட் பண்றது ஒரு கலை மேடம். காலைல ஒன்பது மணிக்கு மைக்ல நானே பேசுவேன். சிரியுங்கள் ஊழியர்களே, சிரியுங்கள்! டெய்லி. எல்லா அறிவிப்பும் நான்தான். வேற யாரையும் மைக்கைத் தொட விடமாட்டேன். மேனேஜ்மென்ட்டோட குரல் அவங்க காதுல விழுந்துகிட்டே இருக்கணும்."

"பாவம்" என்றான் காளிதாஸ். "அவுக செல்போன்ல பாட்டுக் கேட்டு மறந்துக்கிருவாக சார்."

"போனா? காலைல வந்ததும் பெட்டில போட்டுப் பூட்டிருவோம். சாயங்காலம்தான் சாவி."

மெஹருன்னிசா அதைக் கேட்டுக்கொண்டார். போன் இல்லை. ஆனாலும் பத்து நிமிஷத்தில் அத்தனை பேருக்கும் சேதி போயிருக்கிறது.

மூலையில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். கண் சிவந்திருந்தது. வேல்ராஜ் போன் பேசுவதற்காக வெளியே போனதும் மெஹருன்னிசா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னம்மா அடிக்கிற?"

"என் டிஸ்மிஸ் ஆர்டர்க்கா" என்றாள் பானுப்பிரியா. "இங்கன தமிழ் டைப்பிங் தெரிஞ்சது நான் மட்டுந்தான். அதான் என்னையவே அடிக்கச் சொல்லிட்டாக."

காளிதாஸ் குனிந்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தான்.

"'நம்பிக்கைத் துரோகம்'னு போடச் சொன்னாரு" என்றாள் அவள். "வேலை போனாப் போகுதுக்கா. ஆனா காட்டிக்குடுத்தவன்னு பேரு வாங்கிட்டு எங்க ஊருக்குள்ள எப்படிப் போவேன்? எங்கய்யா பஸ்ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்திவிடுறாரு தெனமும். அவருக்கு என்ன சொல்லுவேன்?"

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு. மெதுவா அடி. தப்புத் தப்பா அடிச்சு அடிச்சுத் திருத்து. இன்ஷா அல்லா, அந்தத் தாளு வேண்டியிருக்காது."

*

கீழே வந்ததும் மெஹருன்னிசா கையை நீட்டினார். "ஒன் போனக் குடு. அந்த ஆவுளியாகூட வீடியோ எடுத்தல்ல?"

"அது சும்மா, வீட்டுல காட்டுறதுக்கு..."

"குடு."

வீடியோவில் காளிதாஸ் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்றுகொண்டிருந்தான். ஆவுளியா ஒரு குழந்தையைப் பார்த்துச் சோம்பலாகக் கையசைத்துக்கொண்டிருந்தது. பின்னணியில் 'டிங்' என்று ஒரு மணி. அதைத் தொடர்ந்து ஒரு கணீர்க் குரல்.

'அன்பான பார்வையாளர்களே! காய்ந்த துண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் லாக்கர் அறையில் பெற்றுக்கொள்ளவும்.' அதையே இங்கிலீஷில் ஒருதரம். வடநாட்டு யாத்ரீகர்களுக்காக இந்தியிலும் ஒருதரம்.

மெஹருன்னிசா அதை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தடவை காளிதாசும் பார்த்துவிட்டான். அறிவிப்பு முடிந்த கணத்தில் ஆவுளியா நிமிர்ந்தது. முதுகை நேராக்கியது. திரும்பி அவனைக் கட்டிப்பிடித்தது.

"யா அல்லா" என்று மெதுவாகச் சிரித்தார் மெஹருன்னிசா. "காளி, ஒந் துண்டு தொலைஞ்சா மைக்ல என்னன்னு சொல்லச் சொல்லுவ?"

"நீலக் கட்டம் போட்டது, ஓரத்துல கிழிஞ்சதுன்னு சொல்லச் சொல்லுவேன்."

"நெறம் சொல்லுவ. கட்டம் சொல்லுவ. இவுக எதுவுமே சொல்லல. காஞ்சிருக்குன்னு மட்டும் சொல்றாக. காஞ்ச துண்டுன்னு எவனாச்சும் அடையாளம் சொல்லுவானா?"

"எல்லாத் துண்டும் காஞ்சுதானக்கா இருக்கும்?"

"இருக்குமா? ஒரு எடத்துல எல்லாத் துண்டும் ஈரமா இருந்தா, காஞ்சதுதான அடையாளம்?" அவர் எழுந்துவிட்டார். "நீ எங்கருந்து வாரதா வேஷம் போட்ட?"

"ராமேஸ்வரத்துலருந்து. தீர்த்தமாடிட்டு..." என்று ஆரம்பித்தவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். விபூதி கொட்டியது.

ராமேஸ்வரம் போகிறவர்கள் கடலில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வெளியே வருவார்கள். ஈரத்துணியைப் பிழிந்து பையில் திணித்துக்கொண்டு, பாம்பன் பாலம் தாண்டி வருகிற வழியில்தான் இந்தப் பூங்கா. காளிதாசின் பையில் இருந்தது இஸ்திரி போட்ட ஒரு வேட்டியும் மொடமொடவென்ற ஒரு துண்டும்.

"உருத்திராட்சத்துக்குப் பதிலா ஒரு வாளித் தண்ணி வாங்கியிருக்கணும்" என்றான் அவன் வருத்தமாக.

*

லாக்கர் அறையில் பூமயில் என்று ஒரு பெண்மணி இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அக்காள்மடத்துக்காரர். வாயை இறுக மூடிக்கொண்டு வேலை பார்த்தார். அப்போதுதான் ஒரு வேன் கும்பல் வந்து இறங்கியது. சீட்டு நனைகிறது என்று டிரைவர் பைகளையெல்லாம் கீழே இறக்கிவிட்டிருந்தார் போல. ஒவ்வொரு பையும் தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது.

மெஹருன்னிசா ஓரமாக நின்று பார்த்தார். பூமயில் பையை வாங்கியதும் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். "நனஞ்சதெல்லாம் தனியாக் குடுத்துருங்க தாயி. அப்படியே வச்சா நாறிப்போகும்" என்றார். அவர்களும் பிரித்துக் கொடுத்தார்கள். ஈரத்துணி மூட்டையோடு அவர் பின்கதவு வழியாகப் போக, மெஹருன்னிசாவும் பின்னாலேயே போனார்.

அறைக்குப் பின்னால், யாரும் வராத சந்தில், நீளமாக ஐந்து நைலான் கயிறுகள். மீன்பிடி வலைக்கயிறு. அதில் சேலைகள், வேட்டிகள், பாவாடைகள், குழந்தைச் சட்டைகள் எல்லாம் கடல்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குடும்பத்துத் துணிக்கும் ஒரு நம்பர்ச் சீட்டு, கிளிப் போட்டு. கடைசிக் கயிற்றில் காய்ந்தவை மடிக்கப்பட்டு அடுக்காக இருந்தன.

"இதெல்லாம் ஒங்க வேலையா?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"வேலைன்னு யாரும் சொல்லல. ஈரத்தோட ஊருக்குக் கொண்டுபோனா பூசணம் புடிச்சுப்போகுமே. இங்கன காத்து சும்மாதான அடிக்கிது?" பூமயில் உதறி உதறித் துணி போட்டார். "ஆறு வருசமாப் போடுறேன்."

"பையத் தொட்டாலே ஆளு எங்கருந்து வாரான்னு தெரிஞ்சுபோகும்போல."

அந்தப் பேச்சில் ஒரு கொக்கி இருந்தது. ஆனால் தொழில் தெரிந்தவரைத் தொழிலைப் பற்றிக் கேட்டால் வாய் நிற்குமா? "தெரியாம? தீர்த்தமாடுனவுக பை கனக்கும். தனுஷ்கோடிக்குப் போனவுக பைல மணலு கொட்டும். ஏர்வாடி தர்காவுலருந்து வாரவுக பைல ஊதுவத்தி வாசம் வரும். உள்ளூர்க்காரவுக பையே கொண்டாரமாட்டாக, புள்ளையத்தான் கொண்டாருவாக."

"ஒத்தையா, ஈரமில்லாம, மணலில்லாம, வாசமில்லாம ஒரு பை வந்தா?"

பூமயிலின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. அவர் காளிதாசைப் பார்த்தார். பிறகு மெஹருன்னிசாவைப் பார்த்தார்.

"தம்பி பைதான் காலைல வந்துச்சு. வேட்டில இஸ்திரி மடிப்புக்கூட கலையல" என்றார். "நீங்க மெட்ராஸ் கம்பெனியா?"

"இல்ல. நான் பானுப்பிரியாவுக்காக வந்தவ. காஞ்ச துண்டு கெடச்சிருக்குன்னு மேல சொல்றது நீங்கதான?"

பூமயில் கையிலிருந்த பாவாடைக்குக் கிளிப் போட்டு முடித்தார். அப்புறம் வாயைத் திறந்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த ஈரத் தரையில வழுக்கி விழுந்தேன். அதுலருந்து நான் வாயத் தொறந்து சிரிக்கிறதில்லம்மா. வெக்கமா இருக்கும். மே மாசம் அந்த மெட்ராஸ் ஆளு வந்தான். நான் சிரிக்கலைன்னு சைபர் போட்டுட்டுப் போயிட்டான். மேனேஜரு எம் போட்டோவப் பெருசாப் போட்டு, 'இந்த மாதத்தின் வாடிய முகம்'னு எழுதி, நாங்க சோறு திங்கிற ரூமுல மாட்டிட்டாரு. முப்பது நாளு. எம் மொகத்த நானே பாத்துக்கிட்டு முப்பது நாளு சோறு தின்னேன்."

காளிதாஸ் வேறுபக்கம் பார்த்தான்.

"முப்பதாம் நாளு பூராப் பேரும் சேந்து பேசினோம். இனி ஒருத்தர் போட்டோவும் அங்கன ஏறக்கூடாதுன்னு. வாரது யாருன்னு எனக்குத்தான் தெரியும், பைய வாங்குறவ நான்தான. ஆளு அடையாளம் சொன்னா மாட்டிக்கிருவோம். அதுனால காஞ்ச துண்டுன்னு மட்டும் சொல்லுவேன். அந்தச் சத்தம் கேட்டா, அன்னைக்கு எல்லாரும் எல்லாருக்கும் சிரிக்கணும்." நிறுத்தினார். "பானு புள்ளைக்கு என்ன?"

சொன்னார்கள். போன் பெட்டியில் பூட்டிக் கிடந்ததால் கீழே யாருக்கும் சேதி வரவில்லை. பூமயில் கேட்டதும் கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"எங்க போறிய?"

"மேல. நான்தான்னு சொல்லப் போறேன். அது தெனம் காலைல எனக்கு வணக்கம் சொல்லுற புள்ள. எனக்காக அது போகணுமா?"

"இருங்க" என்று மெஹருன்னிசா அவர் தோளைப் பிடித்தார். "என்னையக் கூப்பிட்டது, ஊழியர்களுக்குத் தகவல் சொல்றது யாருன்னு கண்டுபிடிக்க. நீங்களா சொன்னிய? நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒருத்தருக்குத்தான சொன்னிய?"

காளிதாஸ் ஒரு நொடி முழித்தான். அப்புறம் பெஞ்சில்லாத இடத்தில் உட்காரப் போய், துணிமூட்டையில் விழுந்து, அங்கேயே புரண்டு சிரித்தான்.

*

சரியாக ஐந்து மணி. மாடியில் இஃப்திகார் நடுவில் உட்கார்ந்திருந்தார். வேல்ராஜ் டையை நேராக்கிக்கொண்டு நின்றார். பானுப்பிரியா அடித்த தாள் மேசையில் இருந்தது. பதினோராவது பிரதி.

"பேரு கெடச்சுதா தங்கச்சி?" என்றார் இஃப்திகார்.

"கெடச்சுது காக்கா." அண்ணனை அவர்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மொதல்ல இதக் கேளுங்க."

காளிதாசின் போனிலிருந்து 'டிங்' என்றது. காய்ந்த துண்டு மூன்று மொழிகளில் கண்டெடுக்கப்பட்டது.

"என் குரல்தான்" என்றார் வேல்ராஜ். "போன்லகூட எவ்வளவு கிளியரா வந்திருக்கு பாருங்க."

"ரொம்ப கிளியர் சார். அதான் எல்லாருக்கும் வெளங்கிருச்சு" என்றான் காளிதாஸ். லாக்கர் அறையின் 'கண்டெடுத்த பொருள்' நோட்டை விரித்தான். "மூக்குக்கண்ணாடி, கொழந்தையோட எடது கால் செருப்பு, பிரசாத டப்பா, குடை... எல்லாத்தையும் ஆளுக வந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்காக. காஞ்ச துண்டு மட்டும் நாலு தடவ கெடச்சிருக்கு. ஒருத்தரும் வாங்க வரல. ஜூன்ல ஒண்ணு, ஜூலைல ஒண்ணு, ஆகஸ்ட்ல ஒண்ணு. நாலாவது இன்னைக்கு, நான் வந்த அன்னைக்கு. மொத மூணும் மெட்ராஸ் விருந்தாளி வந்த தேதிதானான்னு நீங்களே பாருங்க பாய். நாலுக்கும் கீழ 'அறிவித்தேன்'னு ஒரு கையெழுத்து. எவ்வளவு அழகான கையெழுத்து!"

இஃப்திகார் நோட்டைப் பார்த்தார். வேல்ராஜைப் பார்த்தார். வேல்ராஜின் முகம் மெல்ல மெல்ல நிறம் மாறியது.

"சார், எனக்கு... எழுதிக் கொடுத்ததை வாசிச்சேன்... எனக்கு அது தெரியாது சார்!"

"தெரியாமச் சொன்னாலும் சொன்னது நீங்கதான?" என்றார் மெஹருன்னிசா இனிமையாக. "மைக்க யாரையும் தொடவிடமாட்டேன்னு நீங்களே சொன்னிய. விருந்தாளி வந்துட்டாருன்னு இந்தப் பூங்கா பூராவுக்கும் நீங்க நாலு தடவ அறிவிச்சிருக்கிய. இந்தியில வேற. இந்தப் பொண்ணு ஒருதரங்கூட அறிவிக்கல."

பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று காளிதாசுக்குத் தெரியவில்லை. அவளுக்குமே தெரிந்திருக்காது.

இஃப்திகார் சிரிக்கவில்லை. அவர் வியாபாரி. "எழுதினது பூமயில். எனக்கு அந்த எழுத்து தெரியும்" என்றார். "ஏன்?"

மெஹருன்னிசா காளிதாசுக்குத் தலையசைத்தார். அவன் கேன்டீனிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த படச்சட்டத்தை மேசைமேல் வைத்தான். உள்ளே படம் இல்லை. அடியில் தங்க எழுத்தில் 'இந்த மாதத்தின் வாடிய முகம்' மட்டும் இருந்தது.

"இதுல மொதல்ல இருந்தது அவுகதான் காக்கா. வேற ஒருத்தரும் ஏறல. ஏறவிடல." பிறகு அவர் ஜன்னலைத் திறந்தார். கீழே ஐந்து கயிறுகளில் சேலைகள் பறந்துகொண்டிருந்தன. "அது யாரு துணின்னு தெரியுமா?"

"ஸ்டாஃப் துவைச்சுக் காயப்போடுறாங்க" என்றார் வேல்ராஜ். "அசிங்கமா இருக்கு, எடுங்கன்னு ரெண்டு மெமோ குடுத்திருக்கேன்."

"உங்க விருந்தாளிக துணி. தீர்த்தமாடிட்டு வாரவுக ஈரத்துணிய, அவுக ராட்டினம் சுத்தி முடிக்கிறதுக்குள்ள காயவச்சு மடிச்சுக் குடுக்குறாக. ஆறு வருசமா, யாரும் சொல்லாம. மெட்ராஸ் ஆளுக்கு இது தெரிய வழியில்ல, அவன் காஞ்ச பையோட வந்தவன். அவன்தான் அவுகளுக்கு சைபர் போட்டான். பல்லு போனதால அவுக வாயத் தொறக்கல, அவ்வளவுதான்."

இஃப்திகார் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவும் இல்லை.

"விழுந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். பல்லு கட்டித் தாரேன்மான்னு சொன்னேன் தங்கச்சி. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, மறந்தே போனேன். அதுகூட மறந்துட்டு, அவங்க சிரிக்கிறாங்களான்னு பாக்க ஆளு அனுப்பியிருக்கேன்."

அவர் பதினோராவது பிரதியை எடுத்து நான்காகக் கிழித்தார். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேல்ராஜ், மெட்ராசுக்கு எழுதிருங்க. இனி ஆளு அனுப்ப வேணாம். இந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போறிங்க?"

வேல்ராஜ் பானுப்பிரியாவைப் பார்த்து, கேட்டும் கேட்காததுமாக ஏதோ முணுமுணுத்தார்.

"சார் குரலுக்கு அது பத்தாது" என்றான் காளிதாஸ். "மைக் எதுக்கு இருக்கு? பானு, ஒரு தாளு எடும்மா. நீதான அடிப்ப?"

*

பையை வாங்க காளிதாஸ் லாக்கர் அறைக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. பூமயில் காய்ந்த துணிகளை இரு கையிலும் மோவாய் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வந்தார். மேலே என்ன ஆயிற்றென்று அவருக்கு இன்னும் தெரியாது. முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு தம்பி? புள்ள போயிருச்சா?"

காளிதாஸ் பதில் சொல்வதற்குள் 'டிங்' என்றது.

'அன்பான பார்வையாளர்களே, ஊழியர்களே!' கணீர்க் குரல் கொஞ்சம் கரகரத்தது. 'மேலாளரிடமிருந்து தொலைந்துபோன மன்னிப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர்கள் பானுப்பிரியா, பூமயில் ஆகிய இருவரும் எப்போது வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம்.'

தொடர்ந்து இங்கிலீஷில் ஒருதரம். இந்தியிலும் ஒருதரம்.

ராட்டினம் நின்றது. பஞ்சுமிட்டாய் வண்டியில் யாரோ விசிலடித்தார்கள். ஆவுளியா தன் தலையைக் கழற்றிக்கொண்டு மேலே பார்த்தது.

பூமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல வாயைப் பொத்தக் கை எழப் பார்த்தது. இரண்டு கையிலும் துணி. கீழே போட்டால் மறுபடி அழுக்காகும். அதனால் அவர் அப்படியே, பொத்தாமல், பொக்கை தெரியச் சிரித்தார்.

"தம்பி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த தடவ வேசம் போட்டா கடல்ல ஒரு முங்கு முங்கிட்டு வாங்க. கொழாத் தண்ணில நனச்சுக்கிட்டு வந்துறாதிய. காஞ்சா துணில உப்பு பூக்காது, அதையும் கண்டுபுடிச்சிருவேன்."